முடக்குவாதத்தின் முதல் மாதங்கள்

மூட்டு வலிக்கு மருத்துவ நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்ட காரணங்களைக் கூறுகின்றன. அவற்றுள் பல, சில நாள்களிலோ வாரங்களிலோ தாமே தணிந்துவிடுகின்றன. வேறு பல, வயது ஏற ஏற மெல்ல வளர்ந்து, உடற்பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் ஓரளவு கட்டுப்படுகின்றன. முடக்குவாதம் இவ்விரு வகையிலும் சேராத நோய். தொடக்கத்தில் எளிய கைவலி போலத் தோன்றினாலும், மூட்டுக்குள் அது விளைவிக்கும் அழிவு பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. அவ்வாறு அரிக்கப்பட்ட எலும்பையும் குருத்தெலும்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் அந்த அரிப்பையே நிகழவிடாமல் தடுக்கவல்ல மருந்துகள் உண்டு. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் அவற்றைத் தொடங்கினால், தாமதமாகத் தொடங்கியவர்களைவிட மிகுந்த பயன் கிடைக்கிறது. ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை, என்ன மருந்து என்ற கேள்விக்கும் முந்தியது, அது எப்போது தொடங்கப்பட்டது என்ற கேள்வி. காலையில் விரல்களை மடக்க முடியாமல் எழும் ஒருவர் அதைப் பொருட்படுத்தி, உரிய மருத்துவரிடம் சென்று, நேர்ந்ததை ஒழுங்காக எடுத்துச் சொல்லும் நாளில்தான் அதற்கு விடை கிடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர்; அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். டெல்லியை அடுத்த கிராமப் பகுதிகளில் ஏ.என். மாளவியா குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு, வயதுவந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது; அதாவது நடுத்தரமான ஒரு கிராமத்திலேயே பத்துப் பதினைந்து பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். மூட்டுவலி என்றாலே முதுமை என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டதால், இந்நோய் பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்குள் தொடங்குவது என்பதும், இருபதுகளில் உள்ள பெண்களுக்கும் வரக்கூடியது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கின்றன. மருத்துவத் துறையும் இதைத் தனி நோயாக ஏற்கக் காலம் எடுத்துக்கொண்டது. 1800ஆம் ஆண்டில் பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய லாந்த்ரே-பொவே என்னும் இளம் மருத்துவர், ஒன்பது பெண்களிடம் தாம் கண்ட மூட்டு நோயை விவரித்து ஆய்வேடு எழுதினார்; ஆயினும் அதை, செல்வர்களின் நோயாக அன்று கருதப்பட்ட கௌட் நோயின் ஒரு வகையாகவே அவர் கொண்டார். யூரிக் அமிலம் படிவதால் வரும் கௌட் வேறு, இது வேறு என்று பிரித்து, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயரை 1859இல் வழங்கியவர் இங்கிலாந்து மருத்துவர் ஆல்ஃபிரட் கேராட்.

நோயின் அறிகுறிகள் ஏன் அவ்வாறு அமைகின்றன என்பதை அறிய, மூட்டின் அமைப்பைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்து, மூட்டு உராயாமல் இயங்குவதற்கான நீர்மத்தைச் சுரக்கிறது. கிருமிகளை எதிர்ப்பதற்காக உடலில் அமைந்துள்ள நோயெதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தத் திசுவையே அயலானதாகக் கருதித் தாக்கும் நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்பர். முடக்குவாதத்தில் அத்தாக்குதலின் முதன்மை இலக்கு இந்த மூட்டுச் சவ்வு. இரத்த வெள்ளணுக்கள் அங்கே குவிய, சவ்வு வீங்கித் தடித்து, புதிய இரத்த நாளங்களுடன் படர்ந்து, குருத்தெலும்பின் மேலும் எலும்பின் விளிம்புகளின் மேலும் ஏறி அவற்றை அரிக்கிறது. அழற்சியைப் பெருக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 முதலிய புரதங்கள் அங்கிருந்து இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகின்றன. அதனால்தான் மூட்டில் தொடங்கும் நோய், காய்ச்சலையும் களைப்பையும் இரத்தசோகையையும் தோற்றுவிக்கிறது.

இத்தாக்குதல் ஏன் தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவின் சில வகைகளைப் பெற்றவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. ஆனால் ஒரே மரபணுக்களையும் ஒரே சாயலையும் கொண்ட இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தாலும் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை என்பதால், பரம்பரை மட்டுமே காரணமாகாது என்பது தெளிவு. புகைபிடித்தல் உறுதியாக அறியப்பட்ட காரணி; ஈறு நோயும் கல்தூசியைச் சுவாசிக்கும் தொழிலும் தொடர்புடையவை. புகையும் ஈறுநோய்க் கிருமிகளும் நுரையீரலிலும் வாயிலும் உள்ள புரதங்களில் சிட்ருலினேற்றம் எனப்படும் வேதி மாற்றத்தை உண்டாக்க, மாறிய அப்புரதங்களுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. மூட்டில் முதல் வலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் காணப்படுவது உண்டு.

வலி என்பது எல்லா மூட்டு நோய்களுக்கும் பொது. ஆகவே எவ்வளவு வலிக்கிறது என்பதிலிருந்து மருத்துவர் அறிந்துகொள்வது குறைவு. எப்போது வலிக்கிறது, எந்த மூட்டில் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் குறைகிறது என்பவற்றிலிருந்து அறிந்துகொள்வதே மிகுதி. இவற்றுள் முதலிடம் பெறுவது காலை விறைப்பு. உறங்கி எழுந்தவுடன் விரல்கள் மடங்க மறுப்பதும், கைகள் இறுகிப்போனதாகத் தோன்றுவதும், பல் துலக்கும் தூரிகையைப் பற்றவும் ரவிக்கையின் கொக்கியை மாட்டவும் குடத்தைத் தூக்கவும் துணியைப் பிழியவும் இயலாமல் போவதும் இதன் வெளிப்பாடுகள். மூட்டுத் தேய்மானத்திலும் காலையில் சிறிது விறைப்பு உண்டு. ஆனால் அது சில நிமிடங்களில், மிஞ்சினால் அரைமணி நேரத்தில், நாலடி நடந்ததும் விலகிவிடும். முடக்குவாதத்தின் விறைப்போ அரைமணி நேரத்தைத் தாண்டி, பலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, சிலருக்கு நண்பகல் வரைகூட நீடிக்கிறது. தேய்மான வலி உழைக்க உழைக்க மாலையில் கூடுகிறது. அழற்சி வலி ஓய்வில் கூடி, அசைவில் குறைகிறது. இதற்கு உடலின் நாள்முறை ஒழுங்கே காரணம்: இன்டர்லூக்கின்-6 இரவின் பிற்பகுதியில் ஏறி விடியலில் உச்சம் தொடுகிறது, அழற்சியை அடக்கும் இயற்கைச் சுரப்பான கார்டிசால் நள்ளிரவையொட்டி மிகத் தாழ்ந்திருந்து, பின்னரே உயர்கிறது. நோயாளியின் காலைப்பொழுதை மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

அடுத்தது இடம். முடக்குவாதம் சிறிய மூட்டுகளை நாடுவது. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள், விரல்களின் நடுமூட்டுகள், மணிக்கட்டுகள், கால்விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுகள் ஆகியவையே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. நகத்தை அடுத்துள்ள கடைசி விரல்மூட்டைப் பொதுவாக இந்நோய் தொடுவதில்லை. கடைசி மூட்டுகளில் கடினமான முண்டுகள் எழும்பியிருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். இரு பக்கமும் ஒத்துத் தோன்றுதல் மற்றோர் அடையாளம்: வலக்கை முட்டிகள் வீங்கினால் சில வாரங்களில் இடக்கை முட்டிகளும் வீங்குகின்றன. கையைப் பற்றியே பேச்சு நிகழ்வதால் பாதம் மறக்கப்படுகிறது. உண்மையில் காலையில் முதல் அடி வைக்கும்போது கூழாங்கற்களின்மேல் நடப்பது போல முன்பாதம் வலிப்பதே பலருக்குத் தொடக்க அறிகுறியாக அமைகிறது, அவர்கள் அதைச் செருப்பின் குற்றமாகவோ நீண்ட நேரம் நின்ற களைப்பாகவோ எடுத்துக்கொள்கிறார்கள்.

வலிக்கும் வீக்கத்துக்கும் உள்ள வேறுபாடு நோயறிதலில் மிக முக்கியமானது. வலி மட்டும் இருந்து வீக்கம் இல்லாத நிலையில் வேறு காரணங்களையே முதலில் தேட வேண்டியிருக்கும். மூட்டு உண்மையிலேயே வீங்கியிருந்தால் உள்ளே சவ்வு அழன்றிருக்கிறது என்று பொருள். இவ்வீக்கம் எலும்பு போலக் கடினமாக இராமல், அழுத்தினால் மெத்தென்றிருக்கும். மோதிரம் கழற்ற முடியாமல் இறுகுவதையும், கையை முட்டியாக மடக்கும்போது முட்டிகளுக்கு இடையில் தெரிய வேண்டிய பள்ளங்கள் மறைந்திருப்பதையும் வீட்டிலேயே காணலாம். மருத்துவர் கைகுலுக்குவது போல விரல்முட்டிகளைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அமுக்கிப் பார்ப்பார். அவ்வாறு அமுக்கும்போது சுருக்கென்று வலித்தால் அழற்சிக்கான ஐயம் வலுப்படுகிறது. கால்விரல் முட்டிகளையும் அவ்வாறே சோதிப்பதுண்டு. காலணியைக் கழற்றாமலே முடிந்துவிடும் மூட்டுப் பரிசோதனை முழுமையானதாகாது.

மூட்டுகளுக்கு அப்பாலும் இந்நோய் பேசுகிறது. உறங்கி எழுந்தும் தீராத களைப்பு, மாலை நேரத்து மெல்லிய காய்ச்சல், பசியின்மை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை மூட்டு வீக்கத்துக்குச் சில வாரங்கள் முன்னரே தலைகாட்டக்கூடும். குடும்பத்தினர் சோம்பல் என்றும் மனச்சோர்வு என்றும் பெயரிடும் அக்களைப்பு, அழற்சிப் புரதங்கள் மூளையின்மீதும் தசையின்மீதும் நிகழ்த்தும் மெய்யான விளைவு; இதைச் சொல்ல நோயாளி கூசவேண்டியதில்லை, கேட்க மருத்துவர் தயங்கவும் கூடாது. நோய் நீடித்தவர்களுக்கு முழங்கைப் புறத்தில் தோலின்கீழ் வலியற்ற கணுக்கள் எழலாம். கண்ணும் வாயும் உலரலாம். நுரையீரல் தடித்து மூச்சு வாங்கலாம். இதய நோய்க்கான வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுகிறது.

பாடநூல் கூறும் இந்த வடிவத்திலேயே எல்லோருக்கும் நோய் தொடங்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிலருக்கு ஒரு மூட்டு திடீரென வீங்கி இரண்டொரு நாளில் சுவடின்றி மறைந்து, சில வாரங்கள் கழித்து வேறொரு மூட்டில் அவ்வாறே தோன்றுகிறது. மருத்துவரைக் காணும் நாளில் காட்ட எதுவும் இருப்பதில்லை. முதியவர்களுக்கு இரு தோள்களிலும் விறைப்பாகத் தொடங்கலாம். சிலருக்கு ஒரு முழங்காலின் வீக்கமே மாதக்கணக்கில் ஒற்றை அறிகுறியாக நிற்கலாம். இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபடுத்திக் காணவேண்டிய நிலை ஒன்று உண்டு: ஒரே மூட்டு சில மணி நேரத்தில் சிவந்து, கொதித்து, அசைக்கவே முடியாதபடி வலித்து, கடுங்காய்ச்சலும் சேர்ந்தால் அது மூட்டுக்குள் சீழ்க்கிருமி புகுந்ததாக இருக்கலாம், அதற்கு அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.

தமிழ்நாட்டில் இந்நோய் தவறவிடப்படுவதற்குச் சில தனிக் காரணங்கள் உள்ளன. கைகளால் உழைக்கும் பெண்கள், தையல் இயந்திரத்தின் முன் அமர்பவராயினும் பீடி சுற்றுபவராயினும் நாற்று நடுபவராயினும், கைவலியைத் தொழிலின் கூலியாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். பிள்ளை பெற்ற சில மாதங்களில் தோன்றும் மூட்டு வலியைப் பிரசவ உடம்பு என்று வீட்டார் அமைதி கூறுகின்றனர். ஆனால் கருவுற்ற காலத்தில் அடங்கியிருந்து, மகப்பேற்றுக்குப் பின் வெளிப்படுவதோ மீண்டும் சீறுவதோ முடக்குவாதத்தின் நன்கறியப்பட்ட இயல்பு. மூன்றாவது காரணம் சிக்குன்குனியா. 2006இல் அது தென்னிந்தியாவில் பெருமளவில் மீண்டும் பரவியதிலிருந்து, எந்த மூட்டுவலியையும் அக்காய்ச்சலின் மிச்சம் என்று கருதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அக்கருத்து முற்றிலும் தவறன்று; சிக்குன்குனியாவின் மூட்டு அழற்சி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு, கைகளிலும் கணுக்கால்களிலும் இருபுறமும் தோன்றி முடக்குவாதத்தையே ஒத்திருப்பதும் உண்டு. வேறுபாடு பெரும்பாலும் தொடக்கத்தில்தான் இருக்கிறது: அதில் கடுங்காய்ச்சல் முந்தி, ஓரிரு நாள்களில் மூட்டுகள் ஒருசேர வலிக்கின்றன, முடக்குவாதமோ பெரும்பாலும் வாரக்கணக்கில் ஒவ்வொரு மூட்டாகச் சேர்த்துக்கொண்டு வருகிறது. காய்ச்சல் போய் மூன்று மாதங்கள் ஆகியும் வீக்கம் தணியாதவரை, வைரசின் மிச்சம் என்று சொல்லி அனுப்பிவிடுவது பொருந்தாது.

எல்லாவற்றிலும் பெரிய தடை, மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரைகள். டைக்ளோஃபினாக் போன்ற வலிமருந்துகள் வலியைக் குறைக்கின்றனவே அன்றி எலும்பு அரிப்பைத் தடுப்பதில்லை. நெடுநாள் உட்கொண்டால் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் விளைவிக்கின்றன. அவற்றைவிடக் கவலைக்குரியவை ஸ்டீராய்டு மாத்திரைகள். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் குழுவினர், முடக்குவாதத்தால் நடமாட இயலாதிருந்த பெண் ஒருவருக்குக் கார்டிசோன் ஊசி செலுத்தியபோது சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அப்பணிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நெடுங்காலம் கொடுத்தபோது எலும்பு மெலிதலும் சர்க்கரை நோயும் கிருமித்தொற்றும் தொடர்ந்தமையால் அம்மகிழ்ச்சி விரைவில் அடங்கியது. இன்று ஸ்டீராய்டு, உரிய மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை குறைந்த அளவில் குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவது. கலவை தெரியாத பொடியோ பெயரில்லாத மாத்திரையோ ஒரே நாளில் மூட்டுவலியைப் போக்கிவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று ஐயுறுவதே அறிவுடைமை. அத்தகைய மருந்தைப் பல வாரங்கள் உட்கொண்டவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அதை எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்கும் முறையைக் கேட்டறிய வேண்டும். இந்த மருந்துகள் வீக்கத்தை மறைத்துவிடுவதால், நோயறியும் வாய்ப்பும் அவற்றோடு மறைந்துபோகிறது.

எப்போது மருத்துவரைக் காணவேண்டும் என்பதற்கு நடைமுறைக்கு உகந்த அளவுகோல் ஒன்று உண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் வீக்கமோ, அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட காலை விறைப்போ, விரல்முட்டிகளை அமுக்கினால் வலியோ இருந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணியவில்லை என்றால் மேலும் காத்திருத்தல் கூடாது. அறிகுறி தொடங்கி ஆறு வாரங்களுக்குள் மூட்டுவாதவியல் நிபுணர் ஒருவர் நோயாளியைப் பார்த்துவிட வேண்டும் என்றும், நோய் நீடிக்கக்கூடியது எனத் தெரிந்தால் மூன்று மாதங்களுக்குள் மருந்து தொடங்கப்பட வேண்டும் என்றும் ஐரோப்பிய மூட்டுவாதவியல் கூட்டமைப்பின் பரிந்துரைகள் கூறுகின்றன. ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் இந்நிபுணர், எலும்பு முறிவுக்கும் மூட்டு மாற்று அறுவைக்கும் உரிய எலும்பு மருத்துவரிலிருந்து வேறானவர். மூட்டின் அழற்சி நோய்களையும் தன்னுடல் தாக்குநோய்களையும் மருந்தால் ஆள்பவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதற்கெனத் தனித் துறை இயங்குகிறது. அருகில் நிபுணர் இல்லாத ஊர்களில் பொது மருத்துவரே முதல் படி. இது முடக்குவாதமாக இருக்குமோ, நிபுணரிடம் அனுப்பலாமா என்று அவரிடம் நேராகவே கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்களில் "உடம்பெல்லாம் வலி, டாக்டர்" என்ற ஒரு வரி சொல்லப்பட்டால், வலிமருந்துச் சீட்டு ஒன்று எழுதப்படுவதே இயல்பான விளைவு. அதே நோயாளி, "பொங்கலுக்குப் பிறகு தொடங்கியது, முதலில் வலக்கையின் இரண்டு முட்டி, பத்து நாளில் இடக்கை, இப்போது முன்பாதமும், காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறரை வரை கை மடங்குவதில்லை, வெந்நீரில் நனைத்தால் கொஞ்சம் இளகுகிறது, மாலையில் பரவாயில்லை" என்று சொன்னால், ஆய்வகத்துக்குச் செல்லுமுன்பே நோயறிதலின் பாதி முடிந்துவிடுகிறது. தேதி நினைவில்லாதவர்கள் திருவிழாவையோ பள்ளி திறப்பையோ அறுவடையையோ வைத்துக் கணக்கிடலாம். வீக்கம் மிகுந்திருக்கும் காலையில் இரு கைகளையும் சேர்த்துக் கைப்பேசியில் எடுத்த படம், வந்து மறையும் வீக்கத்துக்கு நல்ல சான்றாகும். செய்ய முடியாமல் போன வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுதல், வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடுவதைவிடப் பயனுள்ளது. முன்பு தலைவாரிப் பின்னிய கை இப்போது சீப்பைப் பிடிக்க மறுக்கிறது என்பதை எந்த எண்ணும் சொல்லிவிட முடியாது.

நோயாளிக்குத் தொடர்பற்றவையாகத் தோன்றும் சில செய்திகள் மருத்துவருக்கு வழிகாட்டுவன. தலையிலோ முழங்கையிலோ செதில் உதிரும் சொரியாசிஸ் இருந்தால் அதனோடு வரும் வேறுவகை மூட்டழற்சியையும், வெயில்பட்டால் முகத்தில் சிவந்த தடிப்பும் வாய்ப்புண்ணும் முடி உதிர்தலும் இருந்தால் லூபஸ் நோயையும் அவர் எண்ணிப் பார்ப்பார். பெற்றோர் உடன்பிறந்தோருக்கு மூட்டுவாதம் இருந்ததா, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா, மஞ்சள்காமாலை வந்ததா, புகையும் மதுவும் உண்டா, என்னென்ன நாட்டு மருந்துகள் உட்கொள்ளப்பட்டன என்பவற்றை மறைக்காமல் சொல்வது பின்னர் மருந்தைத் தெரிவுசெய்வதில் நேரடியாக உதவுகிறது. மது அருந்துவதையும் நாட்டு மருந்து உண்டதையும் ஒளிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. கடிந்துகொள்ளாமல் கேட்கும் மருத்துவரிடமே உண்மை வெளிவரும் என்பதால், இதில் இரு தரப்புக்கும் பொறுப்பு இருக்கிறது.

இரத்தப் பரிசோதனைகளைப் பற்றிய தவறான நம்பிக்கை இரு திசைகளிலும் தீங்கு செய்கிறது. 1940இல் நார்வே அறிஞர் எரிக் வாலர் விவரித்த ருமட்டாய்டு காரணி, நம் ஊர் ஆய்வகச் சீட்டுகளில் ஆர்.ஏ. ஃபேக்டர் என்று அச்சாகும் எதிர்ப்பொருள்; இது நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவரிடம் காணப்படுகிறது, எஞ்சியவர்களிடம் காணப்படுவதில்லை. நலமாக உள்ள முதியவர்களிடமும், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களிடமும் அது தென்படலாம். ஆகவே வீக்கமே இல்லாத ஒருவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் இருப்பதாக வந்த சீட்டு அவரை நோயாளியாக்குவதில்லை. வீங்கிய விரல்களோடு வந்தவருக்கு இல்லை என்று வந்த சீட்டு அவரை நலமாக்குவதும் இல்லை. 1990களின் இறுதியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆன்டி-சி.சி.பி. பரிசோதனை இதனினும் நம்பகமானது. அது நேர்மறையாக வந்தால் பெரும்பாலும் முடக்குவாதமே, ஆனால் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளிடம் அதுவும் எதிர்மறையாகவே இருக்கும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்பவை உடலில் அழற்சி இருப்பதைக் காட்டுவனவே தவிர அதன் காரணத்தைக் காட்டுவன அல்ல. எக்ஸ்ரே முதல் மாதங்களில் இயல்பாகவே இருக்கக்கூடும்; அதில் அரிப்பு தெரியும்வரை காத்திருப்பது, தடுக்க வேண்டியதை நடக்கவிட்டுப் பார்ப்பதாகும். இரத்த முடிவுகள் இயல்பாக இருந்தாலும் மூட்டு வீங்கிய நோயாளியை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

நோய் உறுதியானபின் நிகழும் உரையாடலில் முதலில் இடம்பெறும் பெயர் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். இம்மருந்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினருடன் ஃபோலிக் அமிலத்தையும் அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கினார். இரத்தப் புற்றுநோய்க்கான அவ்வரிசை மருந்துகளில் ஒன்றே மெத்தோட்ரெக்சேட். அவ்வரிசையைச் சேர்ந்த மருந்து முடக்குவாதத்துக்கு உதவுவதை 1951இல் ரிச்சர்டு கப்னர் குழுவினர் கண்டனர். ஆனால் அமெரிக்க அரசு இந்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டை ஏற்பதற்கு 1988ஆம் ஆண்டு ஆயிற்று. புற்றுநோய் மருந்து என்று இணையத்தில் படித்து அஞ்சி நிறுத்துபவர்கள் பலர். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் அளவு மிகக் குறைவு என்பதை மருத்துவர் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. இதைவிட அழுத்தமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் உட்கொள்ளவேண்டிய மருந்து; பிற மாத்திரைகளைப் போல நாள்தோறும் உட்கொண்டு இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் தமிழில் எழுதித்தரக் கேட்பதும், வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுப்பவருக்கும் அதைச் சொல்லிவைப்பதும் தவிர்க்கக் கூடாதவை. கூடவே கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரை பக்கவிளைவுகளைக் குறைக்கிறது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். மருந்து முழுப்பயன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பது தெரியாதவர்கள், மூன்றாம் வாரத்தில் நம்பிக்கை இழந்து வேறு வைத்தியம் தேடிச் செல்கின்றனர்.

மெத்தோட்ரெக்சேட்டோடு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபசலசின் ஆகியவை சேர்க்கப்படலாம். மூன்று மாதங்களில் முன்னேற்றம் இல்லையென்றாலோ, ஆறு மாதங்களில் நோய் அடங்கவில்லையென்றாலோ மருந்தை மாற்றியமைக்க வேண்டும் என்பது இன்றைய நெறி; அப்போது, லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1990களில் நிறுவிய டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் போன்றவை கருதப்படுகின்றன. அவை உறங்கிக் கிடக்கும் காசநோயைத் தட்டியெழுப்பக்கூடியவை என்பதால், அந்நோய் மிகுந்த நாட்டில் முன்பரிசோதனை இன்றித் தொடங்கப்படக் கூடாதவை.

இளம்பெண்களிடம் தவறாமல் பேசவேண்டிய செய்தி ஒன்று, கூச்சத்தினாலோ திருமணப் பேச்சு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தினாலோ பேசப்படாமலே போகிறது. முடக்குவாதம் உள்ள பெண்கள் மணம் புரியலாம், நலமான குழந்தைகளைப் பெறலாம். நோய் நன்கு அடங்கியிருக்கும் காலத்தில் கருவுறுவது தாய்க்கும் சேய்க்கும் நன்று. ஆனால் மெத்தோட்ரெக்சேட்டும், இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மற்றொரு மருந்தான லெஃப்லுனமைடும் கருவுக்குத் தீங்கு செய்பவை. மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்புக்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டும். லெஃப்லுனமைடு உடலில் நெடுங்காலம் தங்குவதால் அதை வெளியேற்றத் தனி மருந்து தேவைப்படுகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபசலசின் ஆகியவற்றைக் கருக்காலத்திலும் மருத்துவரின் மேற்பார்வையில் தொடரலாம். குழந்தை வேண்டும் என்ற எண்ணமோ, நாள் தள்ளிப்போன ஐயமோ எழுந்தவுடன் மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிட்டு வலியைச் சகித்துக்கொண்டிருப்பவர்களும், எதுவும் சொல்லாமல் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருப்பவர்களும் இடருக்கு உள்ளாகிறார்கள். ஆகவே திருமணம் நிச்சயமாகும் நாளிலேயே, மாமியார் வீட்டார் உடன் இல்லாத தனிமையில் மருத்துவரிடம் பேசுவதற்குச் சில நிமிடங்கள் கேட்டுப் பெறும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டு. கதவைச் சாத்திவிட்டு அந்நிமிடங்களை அவளுக்கு ஒதுக்கித் தருவது மருத்துவரின் கடமை.